அவள் ‘வாங்க’ என்று சொல்லவில்லை

கவுன்சலர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்பது உங்கள் பயிற்சிப் புத்தகங்களில் இருக்கிறது. என்னைவிட நீங்கள் அதிகம் படித்தவர்கள். ஸ்லைடு போட்டுக் காட்டவும் எனக்குத் தெரியாது. அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஏனென்றால் அதைச் செய்வதற்குக் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழச்சி வேண்டும்.

பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். முதலில் புவியியல் டீச்சர். பிள்ளைகள் எல்லோரும் என்னிடமே வந்து அழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, பிரின்சிபால் என்னைக் கவுன்சலர் படிப்புக்கு அனுப்பினார். படிப்பு முடிந்ததே தவிர அறை கிடைக்கவில்லை. புவியியல் அறையின் மூலையில் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். சுருட்டி வைத்த வரைபடங்கள், அவற்றுக்கு நடுவே பாச்சை உருண்டை வாசனை, வட துருவத்தில் நசுங்கிப் போன ஓர் உலக உருண்டை, தாழ்ப்பாள் சரியாக விழாத பெரிய ஜன்னல். புறநகர் ரயில் போகும்போது ஜன்னல் கம்பி லேசாக அதிரும். உங்களுக்கெல்லாம் இப்போது ஏசி போட்ட அறை. பொறாமையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த மூலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு இளகிப் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, தங்கையும் கல்யாணமாகிக் கரக்பூருக்குப் போன பிறகு, என் தமிழ் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்கு மட்டும் என்றாகிவிட்டது. மற்ற ஆறு நாளும் வங்காளமும் இங்கிலீஷும்தான். கோமதி என்ற என் பெயரோடு அக்காவுக்கான ‘தீதி’யைச் சுருக்கி ஒட்டி, ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ‘கோமொதிதி’ என்பார்கள். பிரியமாகத்தான் கூப்பிடுவார்கள். இருந்தாலும் என் பெயரை என் பெயர் மாதிரி யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருக்கும்.

அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பில் சுபா வந்து சேர்ந்தாள். இது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. அப்பாவுக்கு வங்கியில் வேலை, துர்காபூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். ஜூன் பாதி ஆகியும் பள்ளியில் ஒருவர்கூட அவள் குரலைக் கேட்டதில்லை. வருகைப் பதிவின்போது கையைத் தூக்குவாள். கேள்வி கேட்டால் உடம்பு விறைத்து, பார்வை மேஜையில் குத்திட்டு நிற்கும். கணக்கு டீச்சர் அதைத் திமிர் என்றார். திமிர் இல்லை. வீட்டில் ஓயாமல் பேசும் பிள்ளை, பள்ளி கேட்டைத் தாண்டியதும் பயத்தில் குரல் அடைத்துப் போய் நிற்கும். பேச வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான், தொண்டை விடாது. செலக்டிவ் மியூட்டிசம் என்ற பெயர் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அன்று பாதிப் பேருக்குத் தெரியாது.

பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு உண்டு. “அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால், வேறு பள்ளி பார்த்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொல்ல வேண்டியிருக்கும்” என்றார் பிரின்சிபால். அவர் கொடுமைக்காரர் இல்லை. உண்மையிலேயே வேறு பள்ளி நல்லது என்று நினைத்தார். எனக்குக் கையில் எட்டு மாதம் இருந்தது.

அவளுடைய கோப்பில் அப்பாவின் பெயரைப் பார்த்தேன். தமிழ்ப் பெயர். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! பள்ளியில் எல்லோரும் அவளிடம் வங்காளத்திலும் இங்கிலீஷிலும் பேசிப் பார்த்திருக்கிறார்கள், நான் போய் வீட்டுத் தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் திறந்துகொள்வாள் என்று முடிவே செய்துவிட்டேன். அன்றைக்கே அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். “ஐயோ, நீங்க தமிழா டீச்சர்! வீட்டுக்கு வாங்க, சனிக்கிழமையே வாங்க” என்றார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அம்மாவிடம் அனுமதி வாங்கினேன். சுபாவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது மாடி. படியேறும்போதே ஒரு பெண் குரல், கணீரென்று, கோபமாக: “எம்மா, என் சார்ஜர எங்க வச்ச? ஒன்னயத்தான் கேக்கேன்!” கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டேன். இதுதானா அந்தக் குரல்! எவ்வளவு அழகான குரல்! நான் பெல்லை அழுத்தினேன். குரல் நின்றது.

அம்மா கதவைத் திறந்தார். சுபா குளிர்பதனப் பெட்டி பக்கத்தில் சார்ஜர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். “ஏட்டி, டீச்சர் வந்துருக்காங்க. வாங்கன்னு சொல்லு” என்றார் அம்மா. நம் வீடுகளில் இதுதானே முதல் மரியாதை. வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காத பிள்ளையை வளர்த்தோம் என்ற பேச்சை எந்தத் தமிழ்த் தாயும் வாங்கிக்கொள்ள மாட்டாள். “சொல்லேம்ட்டி. நம்ம ஊர்க்காரங்க.”

சுபாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வார்த்தை வரவில்லை.

நான் தாராள மனசோடு சிரித்தேன். “பரவால்ல, விடுங்க. அடுத்த தடவ சொல்லுவா.”

‘அடுத்த தடவை’ என்று கேட்டதும் அவள் பார்வை என் முகத்துக்கு வந்து, பிறகு வாசல் கதவுக்குப் போனது. அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் போனேன். அம்மா சொதி வைப்பார். தேங்காய்ப்பாலில் காய் போட்டு, இஞ்சித் துவையலோடு. துர்காபூரில் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன, இங்கே பேச ஆளே இல்லை என்பார். நாங்கள் இரண்டு பேரும் பேசினால் மணி போவது தெரியாது. ‘கோமதி டீச்சர்’ என்று என் பெயரை என் பெயராகவே சொல்வார். ஒவ்வொரு தடவையும் வாசலில் சுபாவிடம் அதே ‘வாங்கன்னு சொல்லு’, அதே விறைப்பு. பிறகு அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் பள்ளிக்கு வந்து, ‘குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறும் முயற்சி நடைபெறுகிறது’ என்று பதிவேட்டில் எழுதினேன். கை கூசாமல் எழுதினேன்.

ஜூலை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியடில், அம்மாவின் போன். அழுகை.

“டீச்சர், மூணு நாளா வீட்லயும் பேச மாட்டேங்கா. அவ அப்பாட்டயும் இல்ல, தம்பிட்டயும் இல்ல. தலைய மட்டும் ஆட்டுதா.”

அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் குரல் இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். அதையும் போக்கடித்துவிட்டேனா?

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அலிப்பூருக்கு ஓடினேன். கோர்ட்டுக்குப் பின்னால், டைப் அடிப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தெருவில், ஒரு மனநல நிபுணர் இருந்தார். பயிற்சிக் காலத்தில் எனக்கு மேற்பார்வையாளர். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை. வங்காளி, வெடுக்கென்று பேசுகிறவர். எல்லாவற்றையும் கேட்டார்.

“அந்த வீட்டுக்கு யாருக்காகப் போனாய்?”

“அந்தப் பெண்ணுக்காக.”

“அங்கே என்ன சாப்பிட்டாய்?”

சொதியைப் பற்றிச் சொன்னேன். இஞ்சித் துவையலையும் விடவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “சாப்பாட்டைப் பற்றி மூன்று நிமிஷம் பேசினாய், கோமொதி. பெண்ணைப் பற்றி அரை நிமிஷம். பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோய் அவள் வீட்டுச் சோபாவில் உட்கார வைத்திருக்கிறாய். இனி எந்த நேரமும் அது பெல் அடிக்கும் என்று அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். முதலில் வீட்டை அவளிடம் திருப்பிக் கொடு. அப்புறம் பள்ளியைப் பார்க்கலாம்.”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். வெட்கத்தில்தான். தமிழ் தேவைப்பட்டது எனக்கு. அதற்கு அந்தப் பிள்ளையைச் சாக்காக வைத்துக்கொண்டு வாரா வாரம் போயிருக்கிறேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு அந்தப் பஸ் பயணம் முழுவதும் பிடித்தது.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தப்புச் செய்தவுடன் மனசு அடுத்த தப்புக்குத்தான் இழுக்கும். ‘ஒரே ஒரு தடவை போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால் என்ன?’ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவள் வீட்டுக்கு ரயில் ஏறப் பாலிகஞ்ச் ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பினேன். என் மனசு ஆறுவதற்காக இன்னொரு தடவை அவள் வீட்டு பெல்லை அடிக்க எனக்கு என்ன உரிமை?

அதற்குப் பதில் ஒரு சீட்டு எழுதினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் இங்கிலீஷில். ‘உன்னைக் கேட்காமல் உன் வீட்டுக்கு வந்தது என் தப்பு. இனி வர மாட்டேன். நீயாகக் கூப்பிட்டால் மட்டும் வருவேன். கூப்பிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.’ அவளுடைய நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். படித்தாள். இரண்டாக மடித்து, ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவுக்குப் போனில் சொன்னேன். “எனக்கும் இங்க பேச ஆளில்லயே டீச்சர்” என்றார்.

“எனக்கும்தான்” என்றேன்.

சீட்டுக் கொடுத்த ஒன்பதாம் நாள் காலை அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: ‘நேத்து தம்பி கூட ஒரே சண்ட. காது கிழியுது. கேக்க ஆசையா இருந்துச்சு.’ ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் என் செலவில் ஜால்முரி, அதாவது காரப் பொரி, வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் பிறந்த நாள் என்று பொய் சொன்னேன்.

ஆகஸ்டிலிருந்து வேலையைச் சரியான திசையில் தொடங்கினோம். பள்ளியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்தோம். இதைச் செய்யலாமா என்று சுபாவிடம் சீட்டில் எழுதிக் கேட்டேன். ‘சரி’ என்று எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமை மத்தியானம், பள்ளி காலியான பிறகு, அம்மாவும் பெண்ணும் மட்டும் புவியியல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவார்கள். நான் தாழ்வாரத்துக் கடைசி பெஞ்சில். மூன்றாம் வாரம் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே முணுமுணுப்பாகத் தமிழ் கேட்கும். என் காதைத் திருப்பி ரயில் சத்தத்தின் மேல் வைத்துக்கொள்வேன். ஐந்தாம் வாரம் அறையின் அடுத்த மூலையில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரைபடம் அடுக்கினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, பாராட்டக் கூடாது. இந்த மூன்றும் எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வேலை முடிந்ததும் அம்மாவும் நானும் கேட்டுக்கு வெளியே மண் குவளையில் ஒரு டீ குடிப்போம். சுபா பத்தடி தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் தமிழ் அந்த ஒரு குவளை டீயோடு முடிந்துவிடும்.

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. காற்றில் சாரல் உள்ளே அடித்தது. நான் சுவர்ப்பக்கமாக நின்று வரைபடச் சுருள்களுக்குக் கயிறு முடிந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்:

“ஜான்லாடா பந்தோ கோரே தின் நா, மிஸ்.”

ஜன்னலைச் சாத்துங்களேன் மிஸ் என்று வங்காளத்தில். வரைபடம் நனைந்துகொண்டிருந்தது.

முப்பது வருஷப் படிப்பும் பயிற்சியும் அந்த ஒரு நொடிக்காகத்தான். திரும்பி அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. செய்யவில்லை. “திச்சி” என்றேன். இதோ சாத்துகிறேன் என்பதற்கு அங்கே அவ்வளவுதான். நடந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். தாழ்ப்பாளோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்டினேன், அது விழுந்த பிறகும். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேறு இடம் இல்லை.

உண்மையைச் சொன்னால், சந்தோஷத்துக்கு நடுவே சுருக்கென்றும் இருந்தது. தமிழில் சொல்லியிருக்கலாமே! வீட்டுக்குப் போய் யோசித்தபோது விளங்கியது. தமிழ் அவள் வீட்டுக்குள் இருக்கிறது. அதை நான் ஒரு தடவை திருடப் பார்த்தேன். பள்ளிக்கென்று அவள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவளிடம் நான் ஒரு தமிழ் வார்த்தைகூடப் பேசவில்லை.

பூஜை விடுமுறைக்குப் பிறகு இங்கிலீஷ் டீச்சர் ஷர்மிஷ்டாவையும் அதே முறையில் உள்ளே கொண்டுவந்தோம். வாசல், மூலை, பக்கத்து பெஞ்ச். ஷர்மிஷ்டா சின்னப் பெண், பொறுமைசாலி. ஜனவரிக்குள் அம்மா வராமலேயே அவர்கள் இருவரும் மெல்லிய குரலில் பேசிக்கொள்ள முடிந்தது.

பிப்ரவரியில் தேர்வு. அதே அறை, ஷர்மிஷ்டா மட்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். இதற்கு எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். நான் வெளியே காவல். சுபா எடுத்துக்கொண்ட தலைப்பு, ஹவுராவிலிருந்து துர்காபூருக்கு ரயில் பயணம். உள்ளே குரல் தொடங்கியது. அப்போது பார்த்து பிரின்சிபால் வருகிறார், கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா, முகமெல்லாம் சிரிப்பு.

“பேசுகிறாளாமே! ஒரே நிமிஷம், உள்ளே நின்று கேட்டுவிட்டுப் போகிறேன், கோமொதிதி.”

நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். “கூடாது, மேடம்.”

“நான் இந்தப் பள்ளியின் பிரின்சிபால்.”

“அதனால்தான், மேடம்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. தாழ்வாரத்தில் மற்ற டீச்சர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குரல் பர்தமான் ஸ்டேஷனை அப்போதுதான் தாண்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்தால் அங்கேயே நின்றுவிடும், வருஷமும் நின்றுவிடும். கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்களைத் தடுப்பதில் என்ன கஷ்டம்? நல்ல மனசோடு, இனிப்போடு வருகிறவரைத் தடுக்கத்தான் தெம்பு வேண்டும். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டாவது மாடி வாசலில் என்னை யாராவது இப்படித் தடுத்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். பிரின்சிபால் திரும்பிப் போனார். இரண்டு மாதம் என்னோடு கோப்பு மூலமாகத்தான் பேசினார்.

சுபாவுக்குப் பத்துக்கு ஆறு. பள்ளியில் இருந்துவிட்டாள். வருகைப் பதிவுக்குக் கடைசி வரை கையைத்தான் தூக்கினாள். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாதபடி பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும்போது புவியியல் அறைக்கு வந்து, “ஆஷி, மிஸ்” என்றாள். வங்காளத்தில் ‘வரேன்’. அதுவே எனக்குப் போதுமென்று இருந்தது. நானும் ஓய்வு பெற்றேன்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தேன். பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் போனை வைத்துவிட்டிருப்பார்கள். பழகின காது, காத்திருந்தது.

“மிஸ்… சுபா பேசுதேன்.”

தமிழில்! படிக்கட்டில் நின்று கேட்ட அதே குரல். சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் வரைபட வேலை பார்க்கிறாளாம். “ஞாயித்துக்கிழம நம்ம வீட்டுக்கு வருவீங்களா? அம்மா சொல்லல. நாந்தான் கூப்பிடுதேன். நான் கூப்பிட்டாத்தான் வருவேன்னு எழுதிக் குடுத்தீங்கள்ல.”

ஞாயிற்றுக்கிழமை ஹவுராவிலிருந்து கிளம்பிப் போனேன். அதே இரண்டு மாடி, ஆனால் என் முழங்கால் அதே முழங்கால் இல்லை. மேலே யாரோ யாரையோ கறிவேப்பிலைக்காகத் திட்டும் சத்தம் கேட்டது. கடைசிப் படியில் நின்றேன். பெல்லில் விரலை வைத்துவிட்டு அழுத்தப் பயமாக இருந்தது. அழுத்தினேன்.

குரல் நிற்கவில்லை.

“எம்மா, நீ இரு. நான் தொறக்கேன்.”

கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் அம்மா, வாயைக் கையால் பொத்திக்கொண்டு. யாரும் யாரிடமும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

“வாங்க, மிஸ்” என்றாள் சுபா.

“வரேம்மா” என்றேன், ஏதோ தினமும் வந்து போகிறவள் மாதிரி. அப்படியே குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். அந்தச் செருப்பில் அவிழ்க்க ஒரு வாரும் கிடையாது. ஆனாலும் அதைக் கழற்ற எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.